பனையேறிய ஓந்தியும் பகிரப்படும் கணக்கும்

8 ÷ 2(2+2) எவ்வளவு? 2019 ஜூலை இறுதியில் ட்விட்டரில் ஒருவர் போட்ட இந்த ஒற்றை வரி, சில நாள்களிலேயே உலகத்தை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. ஒரு கட்சி 16 என்றது, மறு கட்சி 1 என்றது. இரண்டு பக்கமும் பொறியாளர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், கணக்குப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு மூடி வைத்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இதற்காகவே நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்.   இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலத்தில் சேலம் பேருந்துக்கு நிற்பவரின் கைப்பேசியைப் பார்த்தால், அந்தக் கணக்குப் புதிரின் பங்காளிகள் வரிசையாக இருப்பார்கள்: மூன்று ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், உடைத்த தேங்காய் மூடி, அடியில் "நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோற்பார்கள்" என்று ஒரு சவால்.

இந்தக் காய்ச்சல் கைப்பேசியோடு பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணக்குப் புதிர் ஆள்மாறி, ஊர்மாறி, கண்டம்மாறிப் பரவிய வரலாறு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் நீள்கிறது. எகிப்திய எழுத்தர்கள், சீனக் கணக்கர்கள், சமண அறிஞர்கள், இத்தாலிய வணிகர்கள், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் என்று அது தங்காத வீடு இல்லை. சின்னசேலத்துக்கு வடகிழக்கே, இதே மாவட்டத்தின் திருக்கோவிலூரிலும் அந்தப் பயணத்தில் ஒரு பெரிய திருப்பம் நடந்திருக்கிறது. அங்கே போய்ச் சேர, முதலில் நைல் நதிக்கரையிலிருந்து கிளம்ப வேண்டும்.

கிமு 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் ஒரு பாப்பிரஸ் சுருளில் எண்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை எழுதி வைத்தார். ரொட்டி பங்கிடுவது, நிலம் அளப்பது என்று பலவும் அலுவல் கணக்குகள். நடுவில் 79ஆவதாக வருவது யாருக்கும் பயன்படாத ஒன்று. ஏழு வீடு, வீட்டுக்கு ஏழு பூனை, பூனைக்கு ஏழு எலி, எலிக்கு ஏழு கதிர், கதிருக்கு ஏழு மரக்கால் தானியம். எல்லாவற்றையும் கூட்டினால் 19,607. வீட்டையும் பூனையையும் தானியத்தையும் சேர்த்துக் கூட்டி எந்த அதிகாரிக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கணக்குப் போடும் இன்பத்துக்காகவே போட்ட கணக்கு அது. இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. இந்தச் சுருளைத் தன்னிலும் பழைய நூல் ஒன்றைப் பார்த்துப் படியெடுத்ததாக ஆமெஸே எழுதி வைத்திருக்கிறார். அதாவது, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புதிர்களில் ஒன்று, கிடைக்கும்போதே யாரிடமிருந்தோ வாங்கி அனுப்பப்பட்ட செய்தியாகத்தான் கிடைத்திருக்கிறது. 1858இல் உடல்நலம் தேடி எகிப்துக்குப் போன ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஹென்றி ரைண்ட், லக்சார் நகரத்தில் அதை விலைக்கு வாங்காவிட்டால் அந்தப் பூனைகளை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

அங்கிருந்து ஐந்தாம் நூற்றாண்டுச் சீனத்துக்குத் தாவுவோம். ஜாங் சியூஜியான் என்பவரின் கணக்கு நூலின் கடைசிக் கணக்கு இது: சேவல் ஒன்று ஐந்து காசு, பெட்டை ஒன்று மூன்று காசு, குஞ்சு மூன்று ஒரு காசு. நூறு காசுக்குச் சரியாக நூறு உருப்படி வாங்க வேண்டும். எத்தனை சேவல், எத்தனை பெட்டை, எத்தனை குஞ்சு? நான்கு சேவல், பதினெட்டுப் பெட்டை, எழுபத்தெட்டுக் குஞ்சு என்பது ஒரு விடை. மூன்று வகையும் கலந்து வர, நூல் மூன்று விடைகள் தருகிறது. சந்தைக்குப் போய்வரும் எவருக்கும் கேள்வி புரியும். விடையோ அவ்வளவு லேசில் சிக்காது.

பட்டும் மிளகும் போன திசைகளிலெல்லாம் அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்தக் கணக்கு தலைகாட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், சமணக் கணிதர் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில் கோழிகள் போய் அழகான பறவைகள் வந்துவிடுகின்றன. ஐந்து புறா மூன்று பணம், ஏழு நாரை ஐந்து பணம், ஒன்பது அன்னம் ஏழு பணம், மூன்று மயில் ஒன்பது பணம். அரசகுமாரன் விளையாட நூறு பணத்துக்கு நூறு பறவை வேண்டும். மேற்கே, ஐரோப்பாவில், மன்னர் சார்லமேனின் அவையை அலங்கரித்த ஆல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் ஒரு சுவடியில் அதே நூறு, ஒட்டகமும் கழுதையும் ஆடுமாக மாறி நிற்கிறது. ஒட்டகம் ஐந்து காசு, கழுதை ஒரு காசு, ஆடு இருபது ஒரு காசு. வாங்குபவர் கீழை நாட்டுக்காரர் என்று கணக்கே சொல்கிறது.

எகிப்தில் வாழ்ந்த அபு காமில் என்ற கணிதர் இந்தப் பறவைக் கணக்குகளுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். அவற்றில் ஒன்றுக்கு 2,676 விடைகள் இருப்பதாகக் கண்டுபிடித்தார். அந்த நூலின் முன்னுரையைப் படித்தால் ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி ஒரு நொடியில் காணாமல் போகும். படித்தவர், படிக்காதவர், பெரியவர், சிறியவர் என்று எல்லோரிடமும் இந்தக் கணக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன என்கிறார். ஒருவர் கேட்க, மற்றவர் எந்த முறையும் இல்லாமல் குத்துமதிப்பாக ஒரு விடையைச் சொல்லிவிடுகிறார் என்று வருந்துகிறார். பதில் சொல்ல எல்லோருக்கும் ஆசை, யோசிக்கச் சிலருக்கே பொறுமை. சமூக ஊடகங்களைப் பற்றி இதைவிடச் சரியாக எழுதுவது கடினம்.

ஆல்குயின் பெயரிலுள்ள சுவடியில்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான புதிர் ஒன்றின் பழைய வடிவமும் இருக்கிறது. ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் மூன்றையும் ஒருவர் ஆற்றைக் கடத்த வேண்டும். படகில் அவரோடு ஒன்றுக்குத்தான் இடம். தமிழுக்கு வந்தபோது ஓநாய் புலியாயிற்று, முட்டைக்கோஸ் புல்லுக்கட்டாயிற்று. ஆப்பிரிக்கக் கதைகளில் சிறுத்தையும் இலைக்கட்டும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. இவற்றில் ஆடு மட்டும் ஆடாகவே ஆற்றைக் கடக்கிறது. இந்தப் புதிரைச் சொல்லும் ஊரில் என்ன மிருகம் பயமோ, என்ன தீவனம் வழக்கமோ, அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்வராயன் மலையடிவாரத்தில் கதை சொன்னால் ஆறு கோமுகியாகிவிடும். ஆனால் முடிச்சு விழும் இடம் எங்கும் ஒன்றே: அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டை ஒருமுறை இக்கரைக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். முன்னேறுவதற்காகப் பின்வாங்குவது யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. தோன்றிய நொடியில் வரும் மகிழ்ச்சிதான் அடுத்தவரிடம் அதைச் சொல்ல வைக்கிறது.

இன்னொரு பரம்பரை, ஏறி வழுக்கும் பிராணிகளுடையது. மகாவீரர் ஒரு கரும்பாம்பை வளைக்குள் அனுப்புகிறார். எண்பது விரல் நீளம். ஒரு நாளின் பதினான்கில் ஐந்து பங்கு நேரத்தில் ஏழரை விரல் உள்ளே போகிறது. அதேசமயம் கால் நாளுக்கு இரண்டே முக்கால் விரல் அதன் வால் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னங்களைப் பார்த்து மிரள வேண்டாம்: நாளொன்றுக்கு 21 விரல் போகிறது, 11 விரல் வளர்கிறது, மீதி 10, எட்டு நாளில் பாம்பு முழுதாக உள்ளே. அந்த முரட்டுப் பின்னங்களுக்குள் இப்படியொரு வழவழப்பான விடையை ஒளித்து வைத்தவர் புதிரின் கலையை நன்றாக அறிந்தவர்.

1202இல் பீசா நகரத்து ஃபிபோனாச்சி எழுதிய நூலில் பாம்புக்குப் பதில் சிங்கம். அவருடைய தந்தை வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் பீசா வணிகர்களுக்காகச் சுங்க அலுவலகத்தில் பணியாற்றினார். பையனை அங்கே வரவழைத்து இந்திய எண்களில் கணக்குப் படிக்க வைத்தார். வணிகத்துக்காகப் போட்ட அந்தப் படிப்போடு புதிர்களும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஆமெஸின் ஏழு வீடு ரோமுக்குப் போகும் ஏழு கிழவிகளாக அதே நூலில் வருகிறது. சிங்கமோ ஐம்பது சாண் ஆழக் குழியில் கிடக்கிறது. நாளுக்கு ஏழில் ஒரு சாண் ஏறி, ஒன்பதில் ஒரு சாண் இறங்குகிறது. எத்தனை நாளில் வெளியே வரும்? ஃபிபோனாச்சி 1,575 என்றார். கடைசி நாள் விளிம்பைத் தொட்ட சிங்கம் திரும்ப வழுக்காது என்பதைக் கணக்கில் எடுத்தால் 1,572 நாளே போதும். இப்படித் தவறுவதற்கு இடம் கொடுத்ததால்தான் இந்தப் புதிர் எட்டு நூறு ஆண்டாக உயிரோடு இருக்கிறது.

அந்தச் சிங்கத்தின் தமிழ் உறவினர் ஓந்தி. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பல நூற்றாண்டுகள் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்ட நூல். நிலம், பொன், நெல், உப்பு, காலம் என்று ஊர்க் கணக்கருக்கு வேண்டிய அளவைகளெல்லாம் செய்யுளில் இருக்கும். பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளையைச் சொல்லும் வழிகூட உண்டு. இவற்றின் நடுவே முப்பத்திரண்டு முழப் பனையில் ஓந்தி ஒன்று ஏறுகிறது. நாளுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் வழுக்குகிறது. முழத்துக்கு இரண்டு சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரல். ஆக மரம் 768 விரல், நாளுக்கு மிஞ்சுவது 8 விரல், 96 நாள். இப்போது சிங்கத்தின் சிக்கலை இங்கே வைத்துப் பாருங்கள். 95 நாள் முடிவில் ஓந்தி 760 விரல் உயரத்தில் இருக்கிறது. மறுநாள் ஏறும் பன்னிரண்டு விரலில் உச்சி வந்துவிடுகிறது. அவசரமாக வகுத்தவருக்கும் 96, நின்று யோசித்தவருக்கும் 96!

அன்று இந்தக் கணக்குப் பரவிய வழி ஓலை மட்டுமல்ல, நினைவு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகளுக்கு முந்திரி, மாகாணி, அரைக்கால் என்ற பின்னங்கள் நாக்கு நுனியில் இருந்தன. தமிழ்நாட்டின் அளவை மரபுகளை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அந்த மனப்பாடம் வெறும் கிளிப்பேச்சல்ல, கணக்குப் போடும் திறனே அதில்தான் உருவாயிற்று என்று காட்டியிருக்கிறார். நான்கு வரி வெண்பாவுக்குள் அடங்கிய கணக்கு கூலி இல்லாமல் பயணம் செய்யும். வண்டியில் போகும்போதும் களத்துமேட்டில் காவல் இருக்கும்போதும் சொல்லலாம். யாப்புக் கெட்டால் எண் மாறிவிட்டது தெரிந்துவிடும் என்பதால் பிழையும் குறைவு. பகிர்வதற்கென்றே சுருக்கி அடைத்த வடிவம் அது. அந்த ஓந்தி வெண்பா இன்றும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருவதில் ஆச்சரியமில்லை.

ஐரோப்பாவில் இதற்குள் புதிர் சவால் கடிதமாக மாறியிருந்தது. 1657இல் பிரெஞ்சு வழக்கறிஞர் பியர் ஃபெர்மா, பக்கத்து நாட்டுக் கணிதர்களைச் சீண்டும்படி ஒரு கேள்வியை விடுத்தார். ஒரு எண்ணின் வர்க்கத்தை 61 போன்ற ஒரு எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இன்னொரு முழு வர்க்கம் வர வேண்டும். அந்த எண் எது? கேட்க ஒரு வரி. 61க்கு மிகச் சிறிய விடையே 22,61,53,980. இங்கிலாந்துக் கணிதர்கள் முயன்று வழி கண்டார்கள். இந்த வகைக் கேள்வியை 628இலேயே பிரம்மகுப்தர் கையாண்டிருந்தார் என்பதும், 1150இல் பாஸ்கரர் தம் சக்ரவாள முறையால் இதே 61க்கு இதே விடையை எழுதிவிட்டார் என்பதும் அவர்களில் யாருக்கும் தெரியாது. கடைசியில் அந்தச் சமன்பாட்டுக்கு, அதைத் தீர்க்காத பெல் என்பவரின் பெயர் தவறுதலாக ஒட்டிக்கொண்டது. இந்த 61இன் குடும்பத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டரை நூற்றாண்டு கழித்துத் தமிழர் ஒருவரின் சமையலறைக்கு அது வரப்போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்கள் உள்ளே நுழைந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற ஊரில் தபால் அலுவலகத் தலைவராக இருந்த நாயஸ் சாப்மன், பதினைந்து சிறு கட்டைகளை ஒரு பெட்டிக்குள் நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டை உருவாக்கினார். அது பாஸ்டன் கடைகளுக்குப் போய், 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்துப்பிடிக்க வைத்தது. 14, 15 இரண்டு மட்டும் இடம்மாறி நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருக்கும். அதைச் சரிசெய்பவருக்கு ஒரு பல் மருத்துவர் ஒரு செட் பொய்ப்பல்லைப் பரிசாக அறிவித்தார். ஆனால் அந்த நிலையைச் சரிசெய்யவே முடியாது என்று 1879ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித இதழில் ஜான்சன், ஸ்டோரி இருவரும் நிரூபித்திருந்தார்கள். 1891இல், சாம் லாய்ட் என்ற கெட்டிக்காரப் புதிர் வியாபாரி, இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் தாமே என்று சொல்லத் தொடங்கினார். ஆயிரம் டாலர் பரிசும் அறிவித்தார். தீர்வே இல்லாத கணக்குக்குப் பரிசு அறிவித்தால் பணம் கைவிட்டுப் போகாது. இங்கிலாந்தின் பெரும் புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடனி, தம்முடைய புதிர்களையும் லாய்ட் எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொண்டதாகக் கொதித்தார். "தொண்ணூறு பேர் தோற்பார்கள்" என்ற இன்றைய சவாலும், பெயர் வெட்டி ஒட்டிப் பகிரும் இன்றைய வழக்கமும் அந்த அச்சுக் காலத்துப் பிள்ளைகள்தான்.

இப்போது திருக்கோவிலூர். 1910இல் அது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வருவாய்த் துறையில் எழுத்தர் வேலை கேட்டு ஒரு இளைஞர் அவரைத் தேடி வந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், திருமணமாகியும் வருமானமில்லாதவர், கையில் கணக்கு நோட்டுகள் மட்டும். அவர் சீனிவாச ராமானுஜன். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இந்த அறிவைத் தாலுகா அலுவலகத்தின் கடைசி நாற்காலியில் முடக்கிப்போட மனம் வராமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்காமல் அனுப்பியது எவ்வளவு பெரிய உதவியாயிற்று என்பதை உலகம் அறியும்.

அந்தக் கழகத்தின் இதழில் வாசகர்களே கேட்டு வாசகர்களே பதில் சொல்லும் ஒரு பகுதி உண்டு. ராமானுஜன் அதில் மொத்தம் 58 கேள்விகள் கேட்டார். 1911இல் வந்தது 289ஆம் எண்ணுள்ள கேள்வி: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) இப்படியே முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? மூன்று இதழ், ஆறு மாதம் கடந்தன. ஒருவரும் பதில் அனுப்பவில்லை. ராமானுஜனே விடையைச் சொன்னார்: 3. காரணத்தைப் பள்ளிப் பிள்ளைகூடத் தொடரலாம். 3 என்பது √9. அந்த 9 என்பது 1 + 2×4. நான்கு என்பது √16. அந்த 16 என்பது 1 + 3×5. ஐந்து என்பது √25. அந்த 25 என்பது 1 + 4×6. படி இறங்க இறங்க அடுக்கு தானாக விரிந்துகொண்டே போகும். மிரட்டும் தோற்றம், மூன்று என்ற பச்சைக்குழந்தை விடை. இந்தியக் கணித ஆர்வலர்களை ஆறு மாதம் வாயடைக்க வைத்த அதே கேள்வி, இன்று யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் திரும்பத் திரும்ப வந்து லட்சக்கணக்கானோரை நிறுத்திவைக்கிறது.

1914 டிசம்பரில் இதற்கு மறுபக்கம் நடந்தது. ராமானுஜன் அப்போது கேம்பிரிட்ஜில். நண்பர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர், ஸ்ட்ராண்ட் என்ற ஜனரஞ்சக இதழில் டியூடனி போட்டிருந்த ஒரு புதிரைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மானியப் படை எரித்த பெல்ஜியத்தின் லூவேன் நகரத்து வீதி ஒன்றைப் பற்றியது அது. வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கமுள்ள எண்களின் கூட்டலும் வலப்பக்கமுள்ளவற்றின் கூட்டலும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். மகலனோபிஸ் முயன்று பார்த்தே விடையைப் பிடித்திருந்தார்: 288 வீடுகள், 204ஆம் எண் வீடு. அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜன், கேட்டதும் எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த விடை மட்டுமல்ல, எட்டு வீட்டில் ஆறாவது, நாற்பத்தொன்பதில் முப்பத்தைந்தாவது என்று எல்லா விடைகளும் வரிசையாக இருந்தன. 204இன் வர்க்கத்தை 8ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 577இன் வர்க்கம் வரும். பிரம்மகுப்தரின் குடும்பம், ஃபெர்மாவின் கடிதம், டியூடனியின் வீதி, கும்பகோணத்துக்காரரின் வாணலி எல்லாம் ஒரே கணக்கில் வந்து சந்திக்கின்றன.

அடுத்த பாய்ச்சல் 1990. அமெரிக்க வார இதழ் ஒன்றில் பத்தி எழுத்தாளர் மர்லின் வாஸ் சாவந்த் மூன்று கதவுப் புதிருக்குச் சரியான விடை எழுதினார். ஒரு கதவுக்குப் பின் கார், மற்ற இரண்டின் பின் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்ததும் போட்டியை நடத்துபவர் ஆடுள்ள வேறொரு கதவைத் திறந்து காட்டுகிறார். மாற்றிக்கொண்டால் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்றார் அவர். சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் அவர் தவறு என்று அடித்துச் சொல்பவை. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கணினியில் பலமுறை ஓட்டிக் காட்டும்வரை பால் எர்டிஷ் போன்ற கணித மாமேதையே ஏற்கவில்லை.

2015 ஏப்ரலில் முறை சிங்கப்பூருக்கு. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் அந்நாட்டில், கணித ஒலிம்பியாட் போட்டி ஒன்றில் செரில் என்ற பெண்ணின் பிறந்தநாளைக் கண்டுபிடிக்கும் கேள்வி வந்தது. பத்துத் தேதிகளில் எது என்பதை, மாதம் மட்டும் தெரிந்த ஒரு நண்பனும் நாள் மட்டும் தெரிந்த இன்னொருவனும் பேசிக்கொள்வதிலிருந்து நாம் ஊகிக்க வேண்டும். தொலைக்காட்சித் தொகுப்பாளர் கென்னத் கோங் அதை ஃபேஸ்புக்கில் போட்டபோது ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் அது பதினான்கு, பதினைந்து வயது மாணவருக்கானது. அந்தச் சின்னத் தவறே எரிபொருளாயிற்று. பத்து வயதுக் குழந்தைக்கு இப்படியா என்று பதறிய பெற்றோர் உலகமெங்கும் உட்கார்ந்து ஜூலை 16ஐத் தேடினார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? முதல் காரணம், கூட்டலும் பெருக்கலும் பள்ளி சென்ற எல்லோருக்கும் பொதுச்சொத்து. கவிதையைப் பற்றியோ பொருளாதாரத்தைப் பற்றியோ கருத்துச் சொல்லத் தயங்குபவரும் கணக்குக்கு ஒரு எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார். இரண்டாவது, நல்ல புதிர் நம் மனத்தில் முதலில் ஒரு தவறான விடையைத் துள்ளி எழச் செய்கிறது. உளவியலர் ஷேன் ஃபிரெடரிக் 2005இல் எழுதிய ஆய்வின் கேள்வியை நம் காசுக்கு மாற்றிக் கேட்போம்: மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்து எவ்வளவு? வாயில் வருவது பத்து. சரியான விடை ஐந்து. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலேயே பாதிக்கு மேல் மாணவர்கள் பத்து என்றார்கள். மூன்றாவது, தவறான விடையைப் பார்த்துவிட்டால் திருத்தாமல் போக முடியாத மனித குணம். அந்தக் குணத்தை இயந்திரம் கண்டுகொண்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், மக்கள் ஒருவரோடொருவர் கருத்துப் பரிமாறும் பதிவுகளை மேலே தூக்கிக் காட்டுவதாக அறிவித்தது. ஒற்றை எண்ணைப் பின்னூட்டமாக வரவழைக்கும் பதிவுக்கு இதைவிட வேறு வரம் வேண்டாம்.

இங்கேதான் நல்ல புதிரையும் போலிப் புதிரையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 8 ÷ 2(2+2) கணக்கில் இடமிருந்து வலமாகப் போட்டால் 16. அடைப்பை ஒட்டிய 2ஐ அடைப்போடு ஒரே உருப்படியாகக் கொண்டால் 1. எந்தக் கணக்கரும் வேலையில் இப்படி எழுத மாட்டார். இன்னொரு அடைப்புப் போட்டுத் தெளிவாக்கிவிடுவார். 1659இல் ஸ்விட்சர்லாந்தின் ஜொஹான் ரான் வகுத்தலுக்குப் பயன்படுத்திய ÷ குறியை, சர்வதேசத் தர விதிகளே இப்போது வேண்டாம் என்கின்றன. ஆக அந்தச் சண்டை எழுதும் வழக்கத்தைப் பற்றியது, கணிதத்தைப் பற்றியதல்ல. அதனால்தான் அது முடிவதே இல்லை. ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரும் புதிரிலோ, மூன்று கதவிலோ, 289ஆம் கேள்வியிலோ வாதம் எவ்வளவு சூடானாலும், காரணம் விளங்கிய நொடியில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். அப்படி இருவரையும் சேர்த்துவைக்கும் புதிர்களே நூற்றாண்டுகளைத் தாண்டியிருக்கின்றன. சேர்த்துவைக்காதவை அடுத்த வாரமே மறந்துபோகின்றன.

புதிரின் நீண்ட பயணத்தில் இன்றைக்குக் குறைந்துபோனது ஒன்றே ஒன்று, காத்திருப்பு. ஓலையும் அச்சிதழும் கேள்விக்கும் விடைக்கும் நடுவே நாள்களையும் மாதங்களையும் விட்டு வைத்தன. அந்த இடைவெளியில்தான் மனம் வேலை செய்தது. கைப்பேசியில் விடை கேள்விக்கு அடுத்த வரியிலேயே கிடக்கிறது. அந்தக் காத்திருப்பைத் திரும்பப் பெறுவது நம் கையில்தான் இருக்கிறது. குடும்பக் குழுவில் ஒரு கணக்கைப் போடும்போது விடையை ஒருநாள் தள்ளிச் சொல்லலாம். சரியான எண்ணைச் சொன்ன பிள்ளையிடம் எப்படி வந்தது என்று கேட்கலாம். தவறாகச் சொன்ன பிள்ளையிடம் அதைவிட அக்கறையாகக் கேட்கலாம். ஃபிபோனாச்சியின் சிங்கமே மூன்று நாள் அதிகமாகக் குழியில் கிடந்ததே! கதையை நம் ஊருக்கு மாற்றிக்கொள்ளவும் எல்லா உரிமையும் உண்டு. ஆயிரம் ஆண்டாகக் கைமாற்றியவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சின்னசேலம் சந்தையில் சேவல், பெட்டை, குஞ்சு விலைகளைச் சொல்லி நூறு ரூபாய்க்கு நூறு உருப்படி கேட்கலாம். அந்தச் சீனக் கணக்குக்கு மூன்று விடைகளில் ஒன்றைத்தான் மேலே சொன்னேன். மற்ற இரண்டையும் காகிதமும் பென்சிலுமாக நீங்களே கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் விடையை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் சொல்லுங்கள்.